கோபுரத்தை ஏன் இடிக்கவில்லை? ட்ரம் கோட்டையும் அதை ஒட்டி வளர்ந்த வீடும்

வடகடல் எழுதியது:

அபர்டீனுக்கு வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து மேற்கே பத்து மைல் தூரத்தில் இருக்கும் ட்ரம் கோட்டைக்குப் போன வாரம்தான் முதல் தடவையாகப் போனேன். வந்ததிலிருந்து ஒரே கேள்வி மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே பழைய கட்டடங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முற்றம். அதன் மூலையில் ஒரு கல் கோபுரம், சுமார் 70 அடி உயரம், ஜன்னல் என்று சொல்ல அதிகம் எதுவுமில்லை, நாலு மூலையும் கூராக இல்லாமல் உருண்டையாக இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்கிறார்கள், ஸ்காட்லாந்தில் இன்றும் நிற்கிற கோபுர வீடுகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. அதை ஒட்டியே 1619இல் கட்டிய மாளிகை நிற்கிறது. பக்கச்சுவர்களின் உச்சி படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும், புகைபோக்கிகள், வரிசையாக ஜன்னல்கள், பார்த்தாலே குடியிருந்த வீடு என்று தெரிகிறது. அப்புறம் 19ஆம் நூற்றாண்டில் சேர்த்த சில வேலைகள். 1323இல் அரசர் ராபர்ட் புரூஸ் இந்த நிலத்தை வில்லியம் இர்வின் என்பவருக்கு எழுதிக் கொடுத்தார். 1975இல் 24ஆவது லேர்டு, அதாவது நிலச்சொந்தக்காரர், இறந்து, பழைய இடங்களைப் பாதுகாக்கும் ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்டுக்கு இடம் போகும் வரை அந்தக் குடும்பத்தின் வீடு இதுதான். அறுநூற்றைம்பது வருஷத்துக்கு மேல்!

என் கேள்வி இதுதான். 1619இல் கையில் காசு இருந்திருக்கிறது, புது வீடே கட்டுகிறார்கள். பக்கத்தில் இருட்டும் குளிருமாக, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிகளோடு ஒரு பழைய கோபுரம். அதை ஏன் இடிக்கவில்லை? கல்லுக்காகவாவது இடித்திருக்கலாமே?

———

கல்_சுண்ணாம்பு எழுதியது:

தம்பி, கல்லுக்காக இடிக்கலாம் என்பது அந்தச் சுவரை வெளியே நின்று மட்டும் பார்த்தால் வரும் யோசனை. நான் முப்பது வருஷம் கட்டடங்களில் நின்றவன், பழைய சுண்ணாம்புச் சுவர்களைப் பிரிக்கிற வேலையும் பார்த்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ட்ரம் கோபுரத்தின் சுவர் அடியில் சுமார் 12 அடி தடிமன். 12 அடி என்றால் அது சுவர் மட்டுமல்ல, ஒரு அறையின் அகலம். இந்த மாதிரிச் சுவரில் உள்முகம், வெளிமுகம் இரண்டுக்கும் ஓரளவு தேர்ந்த கல்லை வைத்து அடுக்கி, நடுவில் கையில் கிடைத்த கல்லையெல்லாம் போட்டுச் சுண்ணாம்புச் சாந்தை ஊற்றி நிரப்புவார்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாகும். சுவரின் நடுப்பகுதிவரை அது நடந்து முடிய ரொம்ப காலம் பிடிக்கும். முந்நூறு வருஷம் கழித்து கடப்பாரையோடு போனால் உங்களுக்குக் கிடைப்பது நல்ல கல்லாக இருக்காது, காரை ஒட்டிய சில்லுதான் கிடைக்கும். கூலி மட்டும் ஏறிக்கொண்டே போகும். வெடிமருந்து வைத்துத் தகர்த்த கோபுரங்கள் உண்டு, அது எதிரி செய்த வேலை. தன் வீட்டுப் பக்கத்திலேயே யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

இன்னொன்று, உள்ளே பார்த்தீர்களா? ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று வளைவுக்கூரைகள். மரத்தளமாக இருந்தால் எரிந்துபோகும், இது எரியாது. ஆனால் கல் வளைவு எப்போதும் பக்கவாட்டில் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் இவ்வளவு தடிமன். அதனால் அந்தக் கோபுரத்தில் ஒரு வாசல் உடைப்பதுகூடச் சின்ன வேலை இல்லை.

கட்டியவர் ரிச்சர்ட் செமென்டேரியஸ் என்று கருதுகிறார்கள். அபர்டீன் நகரத்தின் முதல் புரோவோஸ்ட், அதாவது நகரத் தலைவர், என்று அறியப்படுபவர். செமென்டேரியஸ் என்றால் லத்தீனில் கொத்தனார். ரிச்சர்ட் கொத்தனார் என்றே நாம் சொல்லலாம். ஊருக்கே தலைவராக இருந்தவர் தொழில் பெயரைத் தன் பெயராக வைத்திருந்தார் என்பதைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்துபோனது.

———

வடலி எழுதியது:

வணக்கம். நான் லண்டனில் இருக்கிறன், இரண்டு தரம் ஸ்காட்லாந்துப் பக்கம் போய் இந்த வகைக் கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு முதலில் பெயரிலேயே ஒரு குழப்பம். நாங்கள் எல்லாவற்றையும் கோட்டை என்று சொல்லிவிடுகிறோம். கோட்டை என்றவுடன் எங்களுக்கு மதில், அகழி, கொத்தளம், உள்ளே படை என்று தோன்றும். ட்ரம் அப்படி இல்லையே. அது ஒரு குடும்பம் இருந்த வீடு, குத்தென நிமிர்த்தி வைத்த வீடு. கோபுரம் என்றாலோ கோயில்தான் ஞாபகம் வரும். கோபுர வீடு என்று வடகடல் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது, அதையே இந்த இழையில் வைத்துக்கொள்வோம்.

நிமிர்த்தி வைத்த வீடு என்று ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வீடுகளில் விறாந்தை, முற்றம், அறை, குசினி என்று தரையில் பரந்து போவதை இங்கே ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். அடியில் தானியமும் சாமானும் வைக்கிற களஞ்சியம். அதற்கு மேல் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற பெரிய மண்டபம். அதற்கும் மேலே வீட்டுக்காரரின் சொந்த அறை. உச்சியில் கைப்பிடிச் சுவரும் காவலும். வாசல் தரையில் இல்லை, முதல் தளத்தில். ஆபத்து என்றால் ஏணியை இழுத்துவிடலாம். ஒரு வீட்டில் யார் எவ்வளவு பெரியவர் என்பது அவர் எத்தனை படி ஏறிப் படுக்கிறார் என்பதில் தெரிந்திருக்கிறது.

1619 வீடு இதைப் படுக்கப் போட்டது. அடுக்களையும் சேமிப்பு அறைகளும் கீழே, நல்ல அறைகள் மேல்தளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக. ஒரே குடும்பம், ஒரே முற்றம், ஆனால் வாழ்க்கையின் திசையே மாறிவிட்டது. வடகடலின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, ஆனால் நிமிர்ந்த வீட்டுக்குள் இருந்தவர்கள் ஏன் படுத்த வீட்டுக்கு வந்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

———

வடகடல் எழுதியது:

வடலி, அதற்கு நான் படித்த விடை, சண்டை குறைந்துவிட்டது என்பது. 1603இல் ஸ்காட்லாந்து ராஜாவே இங்கிலாந்துக்கும் ராஜா ஆகிவிட்டார், நாடு அமைதியானது, கண்ணாடியும் வாங்கக்கூடிய விலைக்கு வந்தது, அதனால் கோபுரத்தை விட்டு ஜன்னல் வைத்த வீட்டுக்கு வந்தார்கள். சரிதானே?

———

ஏட்டுச்சுவடி எழுதியது:

தம்பி, அந்த விடையைத்தான் பெரும்பாலும் எல்லாரும் சொல்கிறார்கள், பாதி உண்மையும் கூட. ஆனால் உங்கள் அபர்டீன்ஷயரிலேயே அதற்கு எதிர்ச்சாட்சி நிற்கிறது. கிரெய்கிவார் போயிருக்கிறீர்களா? இளஞ்சிவப்புப் பூச்சோடு, தரையிலிருந்து ஒரே மூச்சில் எழும்பி உச்சியில் மட்டும் சிறு சிறு கோபுரங்களாக விரிகிற வீடு. அது முடிந்தது 1626இல். ட்ரம்மில் படுத்த வீடு கட்டி ஏழு வருஷம் கழித்து, அதே மாவட்டத்தில், அதே அமைதியான காலத்தில், ஒருவர் குத்தென ஒரு கோபுர வீட்டை முடிக்கிறார். ஒரே ஒரு வாசல், அதற்கு உள்ளே இரும்புக் கம்பிக் கதவு. பயம் போய்விட்டது என்பதுதான் காரணம் என்றால் கிரெய்கிவார் எப்படி?

கிரெய்கிவாரை முடித்தவர் வில்லியம் ஃபோர்ப்ஸ், பால்டிக் கடல் வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். டான்சிக் என்ற பால்டிக் துறைமுகத்தை வைத்து டான்சிக் வில்லி என்றே பெயர். 1610இல் பாதியில் நின்றுபோயிருந்த கட்டடத்தை நிலத்தோடு வாங்கினார். வியாபாரத்தில் வந்த பணத்தை நிலமாக மாற்றிக்கொண்ட ஒருவருக்கு, தானும் லேர்டுதான் என்று பத்து மைலுக்கு அப்பாலிருந்து தெரிய வேண்டும். அதற்குக் கோபுரத்தை விட நல்ல வழி அந்த ஊரில் இல்லை. அதனால் புதிதாகவே ஒன்றைக் கட்டி முடித்தார்.

ட்ரம்மில் இருந்த இர்வின்களுக்கு அந்தத் தேவையே இல்லை. அவர்களுடைய கோபுரம் அப்போதே முந்நூறு வருஷப் பழசு. அரசர் கொடுத்த நிலம், அந்த அரசர் காலத்துக்கும் முந்திய கோபுரம், 1411 ஹார்லா சண்டையில் அந்த வீட்டு சர் அலெக்சாண்டர் இர்வின் உயிரைக் கொடுத்த கதை, எல்லாம் அந்தக் கல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது பக்கத்தில் நிற்கிற வரை அவர்கள் வீட்டைப் படுக்கப் போட்டாலும் யாரும் குறைத்து மதிக்கப்போவதில்லை. என் கணக்கு இதுதான்: கோபுரம் இருந்ததால்தான் அவர்களால் கோபுரம் இல்லாத வீட்டைக் கட்ட முடிந்தது. அதை இடித்திருந்தால் பத்திரத்தைக் கிழித்துப் போட்ட மாதிரி.

கல்_சுண்ணாம்பு ஐயா சொன்ன கூலிக் கணக்கு பொய் என்று சொல்லவில்லை. ஆனால் இடிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் கூலி பார்த்து நின்றதில்லை.

———

கல்_சுண்ணாம்பு எழுதியது:

அம்மா, கிரெய்கிவார் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. ஆனாலும் என் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நிற்கிறேன். பெருமைக்காக வைத்திருந்தார்கள் என்றால், பழைய கோபுரத்தைப் புது வீட்டுக்குள் விழுங்கிக்கொண்டவர்களுக்குப் பெருமை இல்லையா? அதே மாவட்டத்து காசில் ஃப்ரேசரைப் பாருங்கள். அங்கே முன்பு ஒரு சதுரக் கோபுரம் தனியாக இருந்தது. 1575இல் வேலை தொடங்கி, எதிரெதிர் மூலைகளில் ஒரு பக்கம் வட்டக் கோபுரம், ஒரு பக்கம் சதுரக் கோபுரம் என்று சேர்த்து, மாடிகளை ஏற்றி 1636இல் முடித்தார்கள். இன்று போய் நின்றால் பழையது எங்கே முடிகிறது என்று சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. அங்கே முடிந்தது ட்ரம்மில் ஏன் முடியவில்லை? என் பதில் 12 அடி. சுவர் மெலிவாக இருந்தால் விழுங்கலாம், இவ்வளவு தடிமனாக இருந்தால் பக்கத்தில்தான் உட்கார முடியும்.

———

டைன்கரை எழுதியது:

நியூகாசிலிலிருந்து எழுதுகிறேன். இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பெல்சே என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே இந்தக் கதையின் மூன்றாவது முடிவைப் பார்க்கலாம்.

பெல்சேயில் மிடில்டன் குடும்பம். இங்கிலாந்து ஸ்காட்லாந்து எல்லைப் பகுதி, இரண்டு பக்கமும் கொள்ளையடித்துக்கொண்டிருந்த காலம், அதனால் அவர்களும் ஒரு கோபுரம் கட்டிக்கொண்டார்கள். 1614இல், ட்ரம்முக்கு ஐந்து வருஷம் முன்னால், அதே மாதிரி கோபுரத்தை ஒட்டி ஒரு வீடு. வாசல் மண்டபத்தில் அந்த ஆண்டு இருக்கிறது. இதுவரை கதை ஒன்றுதான். ஆனால் 1800களின் தொடக்கத்தில் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்தவர் அதே குடும்பத்து சர் சார்லஸ் மங்க். திருமணமானதும் கிரேக்க நாட்டுக்குப் போனார், 1806 வரை சுற்றினார், அங்கே பார்த்த கோயில்களின் அளவுகளை மனதில் போட்டுக்கொண்டு வந்தார். வந்து 1807இல் கொஞ்ச தூரம் தள்ளிப் புதிதாக ஒரு வீட்டைத் தொடங்கினார். 100 அடிக்கு 100 அடிச் சதுரம், முகப்பில் கிரேக்கத் தூண்கள். 1817 கிறிஸ்துமஸ் அன்று குடும்பம் பழைய வீட்டைவிட்டுப் புது வீட்டுக்குக் குடிபோனது.

எனக்கு இதில் பிடித்தது வீட்டை விட அந்தக் கல் வந்த இடம்தான். தோட்டத்துக்குள்ளேயே குழி தோண்டிக் கல்லெடுத்தார்கள். அந்தக் குழியை மூடவில்லை. அதையே தோட்டமாக்கினார்கள். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவே பாதை, காற்றுப் படாததால் வெளியே வளராத செடிகூட உள்ளே வளர்கிறது. புது வீட்டிலிருந்து கிளம்பி அந்தப் பாறை இடுக்கு வழியாக நடந்தால், முடிவில் மரங்களுக்கிடையே பழைய கோபுரம் தெரியும். போன மாதம் மழையில் போனோம், என் மனைவி அந்தத் திருப்பத்தில் நின்றவள் பத்து நிமிஷம் நகரவே இல்லை.

அதாவது, வீட்டைவிட்டுப் போன பிறகும் கோபுரத்தை இடிக்கவில்லை, அதைப் பார்க்கப் போகிற வழியையே தோட்டமாகச் செய்தார்கள். அங்கே கல்லும் வேண்டியிருந்தது, பணமும் இருந்தது, யாரும் அந்தக் கோபுரத்தில் வாழவும் இல்லை. ஏட்டுச்சுவடி அம்மா சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

———

வடலி எழுதியது:

அது அருமையான சாட்சி, டைன்கரை. ஆனால் காசு இல்லாமல் போனதாலும் கோபுரங்கள் தப்பியிருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. ட்வீட் ஆற்றங்கரையில் ட்ரக்வேர் என்றொரு வீடு. 1107இலேயே அரசர் ஒருவர் அங்கே தங்கிப் பத்திரத்தில் கையெழுத்திட்டதாகச் சொல்கிறார்கள், வேட்டைக்கு வந்து தங்குகிற இடம். அதுவும் ஒரு கோபுரத்திலிருந்து வளர்ந்ததுதான், ஆனால் ட்ரம் மாதிரிப் பிரித்துப் பார்க்க முடியாது. நூற்றாண்டுக்கு ஒரு துண்டாக நீட்டிக்கொண்டே போய் எல்லாவற்றையும் ஒரே வெள்ளைப் பூச்சுக்குள் போட்டுவிட்டார்கள். ஆறு வீட்டை ஒட்டி ஓடி அஸ்திவாரத்துக்கே ஆபத்தானபோது அந்த வீட்டுப் பிரபுவான முதலாம் ஏர்ல் ஆற்றையே திருப்பிவிட்டார். அப்படிப்பட்ட வீட்டில் 1690களில் இரண்டு பக்கமும் சிறு கட்டடங்கள் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு வெளிப்பக்கத்தில் பெரிதாக ஒன்றுமே சேரவில்லை.

ஏன் நின்றது? கத்தோலிக்கக் குடும்பம், பிறகு ஆட்சியை இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்கு விசுவாசமானவர்கள், அதற்கு விலை கொடுத்தார்கள். கட்டுவதற்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸ் 1745இல் வந்து போனபின் நடைபாதை முனையில் இருக்கும் பெரிய வெளிவாசற்கதவை மூடினார்கள், ஸ்டூவர்ட் அரசர் திரும்பி வந்தால்தான் திறப்போம் என்று, அப்படித்தான் சொல்கிறார்கள். இன்றும் மூடித்தான் இருக்கிறது. கதவு மூடின பின் புல் வளர்ந்த அந்த நடைபாதையில் நான் நின்றிருக்கிறேன். பணம் வந்திருந்தால் அந்த வீட்டை விக்டோரியா காலத்தில் என்ன செய்திருப்பார்களோ.

———

ஏட்டுச்சுவடி எழுதியது:

வடலி கடைசியாகச் சொன்னதுதான் ட்ரம்மில் நடந்தது. அங்கே விக்டோரியா காலத்தில் பணம் வந்தது. முதல் கேள்விக்கே திரும்பி வரலாம், ஏனென்றால் கோபுரத்தை இடிக்கவில்லை என்பது முழு உண்மை இல்லை. 1619இல் தொடாமல் விட்டவர்களின் வழிவந்தவர்கள் 1840களில் தொட்டார்கள். மாளிகையிலிருந்து கோபுரச் சுவரை உடைத்து வழி எடுத்து, மண்டபமாக இருந்த தளத்தைப் புத்தகம் வைக்கிற நூலகமாக மாற்றினார்கள். கூரை அதே கல் வளைவு, ஆனால் அலங்காரம், கம்பளம், சுவர் முழுக்க அலமாரி. கணப்புக்கு மேலே அந்தக் குடும்பத்து ஓவியர் ஹியூ இர்வின் தன்னையே கேப்ரியல் தேவதூதராக வரைந்த படம். அடுத்து 1870களில் கட்டடக் கலைஞர் டேவிட் பிரைஸ் வந்து முற்றத்துப் பக்க வேலைகளைச் செய்தார்.

என்னைப் பொறுத்தவரை 1840கள் வரை ட்ரம்மில் இருந்தது இரண்டு கட்டடம். அந்த வழியை உடைத்தபோதுதான் ஒரே வீடானது. கோபுரம் வீடாக வளர்ந்தது என்று வழிகாட்டிப் பலகைகளில் போடுகிறார்கள், ட்ரம்மில் அந்த வளர்ச்சி நடக்க ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

———

கல்_சுண்ணாம்பு எழுதியது:

அந்த வழியை உடைத்த கொத்தனார்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. மேலே ஒரு வளைவுக்கூரை, அதற்கும் மேலே இன்னொன்று. கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து, முட்டுக் கொடுத்து, மேல்கல்லைப் பதித்து, அப்புறம் அடுத்த அடி. யாரென்றே தெரியாதவர்கள், நல்ல வேலைக்காரர்கள்.

ஆனால் நூலகம் செய்தது எனக்கு உடன்பாடு இல்லை. அலமாரி வைப்பதற்காகப் பழைய ஜன்னல்களை அடைத்தார்கள். ஒரு மண்டபத்தின் வெளிச்சத்தையே மாற்றிவிட்டார்கள்.

———

டைன்கரை எழுதியது:

ஐயா, அடைத்ததால்தான் தப்பியது என்றும் சொல்லலாம் இல்லையா? 2013இல் நடந்தது இங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். கோபுரத்தைச் சீரமைக்கும் முன் ஆராய வந்தவர்கள் வெளியே நின்று பார்த்தால் ஜன்னல் இருக்கிறது, உள்ளே அதற்கு நேரான இடத்தில் புத்தக அலமாரிதான் இருக்கிறது. வெளிப்பக்கமாகவே அந்த ஜன்னல் அடைப்பிலிருந்து கல்லை எடுத்து உள்ளே பார்த்தார்கள். ஒன்றில் சுவருக்குள்ளேயே அமைத்த இடைக்காலக் கழிப்பறை, உட்காரும் மரப்பலகையின் மிச்சத்தோடு. இன்னொன்று ஒரு சின்ன ரகசிய அறை. 1746 கல்லடன் போரில் ஸ்டூவர்ட் பக்கம் தோற்றபின், அந்தப் பக்கம் நின்ற 17ஆவது லேர்டு அலெக்சாண்டர் இர்வினை அவருடைய அக்காவோ தங்கையோ, மேரி, மூன்று வருஷம் ஒளித்து வைத்திருந்ததாகக் குடும்பத்தில் சொல்லி வந்த அறை அதுவாக இருக்கலாம் என்றார்கள். அவ்வளவு வருஷம் கதையாக மட்டும் இருந்தது, ஒரு நாள் காலையில் இடமாகக் கிடைத்தது.

அந்த மரப்பலகை, திறந்து கிடந்திருந்தால் எப்போதோ அடுப்புக்குப் போயிருக்கும்.

———

கல்_சுண்ணாம்பு எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பலகைக்காக ஒத்துக்கொள்கிறேன்.

அடைப்பதில் இரண்டு வகை உண்டு என்பதை மட்டும் சேர்த்துவிடுகிறேன். கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைத்தால் அடுத்த தலைமுறை திறந்துகொள்ளலாம், உள்ளே இருப்பதும் மூச்சு விடும். 20ஆம் நூற்றாண்டில் பழைய வீடுகளுக்கு சிமென்ட் பூசினார்களே, அதுதான் உண்மையான கேடு. சுண்ணாம்புச் சுவர் மழையில் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் தண்ணீர் ஏதாவது ஒரு விரிசலில் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. ஓதம் ஏறும், உள்ளே மரம் இற்றுப்போகும், குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து கல்லின் முகமே உதிரும். நான் வேலை செய்த ஒரு பழைய வீட்டில் ஒப்பந்தக்காரர் பேச்சைக் கேட்டு சிமென்ட் பூச்சைப் பிரிக்காமல் மேலே வெள்ளையடித்தோம், மூன்றாம் வருஷம் உத்தரத்தின் முனை விரலால் நோண்டினால் மாவாக வந்தது. அந்த மாவு இன்னும் என் நகத்துக்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பொடிக்கல் கலந்த சுண்ணாம்பைச் சுவரில் வீசி அடிக்கிற ஹார்லிங் பூச்சு சும்மா அழகுக்கு அல்ல, மழைக்கு எதிரான சட்டை.

———

ஏட்டுச்சுவடி எழுதியது:

அறைகள் எவ்வளவு சுலபமாகப் போய்விடும் என்பதற்கு இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வட இங்கிலாந்தின் கம்பிரியாவில் சைசர். 14ஆம் நூற்றாண்டுக் கோபுரம், ஸ்டிரிக்லாண்ட் குடும்பம், எலிசபெத் காலத்தில் சேர்த்த வீடு. அங்கே ஓர் அறை முழுக்க இரண்டு நிற மரத்தை இழைத்துப் பதித்த சுவர்ப்பலகை. 1891இல் பணமுடையில் அந்த அறையின் பலகைகளைக் கழற்றி லண்டன் அருங்காட்சியகத்துக்கு, இப்போது விக்டோரியா ஆல்பர்ட் என்கிறோமே, அதற்கு விற்றுவிட்டார்கள். 1999இல்தான் அது மறுபடியும் சொந்தச் சுவருக்குத் திரும்பியது. நூறு வருஷத்துக்கு மேல் அந்த அறை லண்டனில் இருந்தது, அது நின்ற வீடு வடக்கே இருந்தது. மரத்தில் இழைத்ததெல்லாம் கழற்றிக்கொண்டு போகக்கூடியது. 12 அடிச் சுவரை யாரும் லண்டனுக்கு எடுத்துப் போக முடியாது. ஐயா சொன்ன தடிமனும் நான் சொன்ன பெருமையும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகிறது என்று நினைக்கிறேன். அசைக்க முடியாதது என்பதால்தானே அது பத்திரம் ஆனது.

———

வடகடல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. நேற்று மறுபடியும் போய்விட்டு வந்தேன், இந்தத் தடவை மகளையும் கூட்டிக்கொண்டு.

போன தடவை நான் கவனிக்காமல் கடந்த இடத்தில் இந்தத் தடவை நின்றேன். மாளிகையிலிருந்து நூலகத்துக்குப் போகும் அந்த வழி. வாசல் என்று நினைத்துக் கால் வைக்கிறோம், கால் வைத்த பிறகும் வாசல் முடியவில்லை. மகள் கையைப் பிடித்து எண்ணிக்கொண்டே போனாள், அவள் காலடிக்கு ஏழு வந்தது. பாதியில் நின்று பேசச் சொன்னேன். பின்னால் மாளிகையில் ஆட்கள் பேசுவது மூன்றாவது காலடியிலேயே மங்கிவிட்டது. நூலகத்தில் தலையைத் தூக்கினால் வளைவு, கீழே மெத்தென்ற நாற்காலிகள், ஏட்டுச்சுவடி அம்மா சொன்ன படம் கணப்புக்கு மேலே. எந்த அலமாரிக்குப் பின்னால் அந்தக் கழிப்பறை என்று கேட்டுக்கேட்டு மகள் அங்கே இருந்தவரை விடவில்லை. அவரும் பொறுமையாக ஒவ்வொன்றாகக் காட்டினார்.

அப்புறம் வெளியே வந்து, கோபுரத்தின் பழைய வாசல் வழியாக, சுழன்று போகிற படியில் மேல் மண்டபத்துக்கு ஏறினோம். நூலகத்துக்கு நேர் மேலே, அதே நீளம், அதே அகலம், ஆனால் வெறும் கல். யாரும் பூசவில்லை, அலமாரி வைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. காற்று வருகிறது, ஈரக் கல் வாசனை. கீழே பார்த்த அறைக்கு 1840களுக்கு முன்னால் இந்த முகம்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது. மகள் தரையில் குந்தி, கீழே இருக்கிறவர்களுக்குக் கேட்கிறதா என்று இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். யாருக்கும் கேட்டிருக்காது.

கல்_சுண்ணாம்பு ஐயா, அந்த மண்டபத்து ஜன்னல் பக்கச் சுவரில் காரை மட்டும் ஒரு முழ உயரத்துக்கு வேறு நிறமாக இருக்கிறது. படம் எடுத்திருக்கிறேன், நாளை மாலை ஏற்றுகிறேன். பழைய சுண்ணாம்பா, பிறகு பூசியதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.